விட்டுப்போன தொண்ணூற்றாறாம் பக்கம்

“ரெண்டு புள்ளி பூஜ்யம் ஆறு,” என்றாள் நூலகர்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எத்தனை தடவை சொன்னாலும் அதேதான் சார் வரும். ரெண்டு புள்ளி பூஜ்யம் ஆறு. பாஸாயிட்டோம்.”

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். மூன்று மாதமாக அவர் சாய்ந்து உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை. நாற்காலிக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது, முனகியது.

மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தரைத்தளத்தில், நூலகத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைதான் அந்த ஆய்விதழின் அலுவலகம். தண்ணீரையும் தண்ணீரில் வாழ்பவற்றையும் பற்றி நாற்பத்தொரு வருடமாக வெளிவரும் இதழ். பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஃபார்மலின் வாடை வரும். ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். “தண்ணியைப் பத்தி எழுதற இடத்துல தண்ணி ஒழுகினாத்தான் பொருத்தம்” என்று யாரோ சொன்ன ஜோக்கைக் கேட்டுக் கேட்டு இப்போது யாரும் சிரிப்பதில்லை.

ஆசிரியருக்கு முன்னால் எல்லோரும் ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘கமா’. ஒரு வாக்கியத்தில் மூன்று கமா போடுவார். மறுநாள் ஒன்றை எடுப்பார். அதற்கடுத்த நாள் எடுத்ததைத் திரும்ப வைப்பார். கட்டுரை அனுப்பியவர்கள் தங்கள் மீன்களெல்லாம் செத்து மட்கும்வரை காத்திருப்பார்கள்.

மதிப்பீட்டுக் குழுவிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. இதழில் இதுவரை வந்த கட்டுரைகள் எத்தனை, அவற்றை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஒரு கட்டுரைக்குச் சராசரி என்ன? சராசரி இரண்டுக்குக் கீழே போனால் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து இதழ் நீக்கப்படும். பட்டியலில் இல்லாத இதழில் எழுதினால் பதவி உயர்வுக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் கிடைக்காத இடத்தில் யார் எழுதுவார்கள்?

எண்ணும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது இப்படி ஒரு வேலை. ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு கட்டுரைகள். ஒவ்வொன்றையும் உலகத்தில் எவன் எங்கே குறிப்பிட்டிருக்கிறான் என்று தேடித் தேடி, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, வலது முழங்காலை நீட்டிவைத்துக்கொண்டு எண்ணினாள். இரண்டாயிரத்து அறுநூற்று நான்கு.

“ஆராய்ச்சிப் போக்குன்னு ஒரு பத்தி கேட்டிருக்காங்களே, எழுதிட்டீங்களா?”

“எழுதாம? முதல் பத்து வருஷம் எல்லாரும் மீனை எண்ணினாங்க. அடுத்த பத்து வருஷம் எல்லாரும் இறால் வளர்த்தாங்க. அதுக்கப்புறம் இறாலுக்கு வந்த சீக்கைப் பத்தி எழுதினாங்க. இப்ப தண்ணி சூடாகுதுன்னு எழுதறாங்க.”

“இப்படியேவா எழுதியிருக்கீங்க?”

“இதையே கொஞ்சம் கௌரவமா எழுதியிருக்கேன். நாலாம் பக்கம்.”

அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். “‘உற்பத்தி சார்ந்த ஆய்வுகளிலிருந்து, சூழல் சார்ந்த ஆய்வுகளை நோக்கிய, படிப்படியான நகர்வு.’ இங்க ஒரு கமா அதிகம்.”

“நீங்க நேத்து போட்டதுதான் சார்.”

“ஓ.” பேனாவை எடுத்தவர் வைத்துவிட்டார். “நானூத்திப் பன்னெண்டு கட்டுரைக்கு நேரா பூஜ்யம்னு இருக்கே?”

“அதையெல்லாம் யாரும் தொடல. எழுதினவங்களே திரும்பத் தொடல.”

“அப்புறம் எப்படி ரெண்டைத் தாண்டினோம்?”

“ஒரே கட்டுரை. இருநூத்திப் பன்னெண்டு மேற்கோள். மீன்குஞ்சு எவ்வளவு அம்மோனியா தாங்கும்னு முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்ததே, அது.”

ஆசிரியரின் முகம் மலர்ந்தது. “உங்க அக்கா வீட்டுக்காரர்! பாருங்க, மனுஷன் ரிட்டயர் ஆகிப் பதினாலு வருஷமாச்சு, இன்னும் சோறு போடறாரு. போய்ச் சொல்லுங்க, அவர் தயவுல பொழைச்சோம்னு. வெள்ளிக்கிழமை படிவத்தை அனுப்பிடலாம்.”

அன்று திங்கட்கிழமை.

*

அக்கா வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு படியிலும் இடது காலை முன்னால் வைத்து வலது காலை அதோடு சேர்த்து, சின்னக் குழந்தை ஏறுவது போல ஏறினாள்.

“வாடி. மூச்சு வாங்குது பாரு. போன்ல சொல்ற விஷயத்துக்கு ஏறி வரணுமா?”

“நல்ல சேதி. நேர்ல சொல்லலாம்னு.”

“நல்ல சேதியா, இந்த வீட்டுக்கா? வழி தவறி வந்திருக்கும்.”

மாமா ஜன்னலோரம் இருந்தார். எழுபத்து நான்கு வயது. அடுத்த மாதம் இதயத்தில் வால்வு மாற்றவேண்டும் என்று தேதி குறித்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“எத்தனை ஆச்சு?”

வாரம் தவறாமல் கேட்கிற கேள்வி. தன் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று. பன்னிரண்டு வருடமாக அவளும் பொறுமையாகப் பதில் சொல்லி வந்திருக்கிறாள். போனை வைத்ததும் உதட்டைச் சுழிப்பாள்.

“ஆரம்பிச்சாச்சா!” என்றாள் அக்கா. “ஊர்ல ஆம்பளைங்க கிரிக்கெட் ஸ்கோர் கேப்பாங்க. இவரு தன் ஸ்கோரைத் தானே கேட்டுக்குவாரு.”

“இருநூத்திப் பன்னெண்டு மாமா. அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்க ஒரு கட்டுரையாலதான் ஜர்னலே பொழைச்சிருக்கு. அது இல்லேன்னா சராசரி ரெண்டுக்குக் கீழ போயிருக்கும்.”

அவர் சந்தோஷப்படவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“புதுசா சேர்ந்தது யாரு?”

“யாருன்னா?”

“போன வாரம் இருநூத்திப் பத்துன்னே. அந்த ரெண்டு பேர் யாரு? விலாசம் வேணும்.”

“விலாசம் எதுக்கு மாமா?”

அக்கா குறுக்கே வந்தாள். “நன்றிக் கடிதம் போடுவாரு. முப்பது வருஷமா எழுதிட்டிருக்காரு. சினிமா நடிகர்கூட ரசிகர்களுக்கு இவ்வளவு பதில் போட மாட்டாரு.”

“நன்றின்னு நான் என்னைக்கு உன்கிட்ட சொன்னேன்?” என்றார் மாமா. குரல் உயரவில்லை. “அந்த அலமாரியில ரெண்டு செருப்புப் பெட்டி இருக்கு. எடு.”

பெட்டிகளில் கடித நகல்கள் இருந்தன. முதலில் கார்பன் தாள், பிறகு ஜெராக்ஸ், கடைசியில் மின்னஞ்சலைப் பிரிண்ட் எடுத்தது. எல்லாம் ஒரே கடிதம். ‘தாங்கள் மேற்கோள் காட்டியுள்ள என் கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில் ஓர் எண் தவறானது. 0.5 என்று இருப்பதை 0.05 என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இதற்கான திருத்தம் அடுத்த இதழின் 96ஆம் பக்கத்தில் வெளியாகியுள்ளது.’

நூலகர் இரண்டு முறை படித்தாள். அக்காவும் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

“தப்பா?” என்றாள் அக்கா. “இவ்வளவு நாளும் தப்புக்கா கடுதாசி எழுதினீங்க?”

“பின்ன, பெருமைக்கா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்ற மாதிரி தப்பா அது? வெக்கக்கேடு.” அவர் மைத்துனியின் பக்கம் திரும்பினார். “அந்த அட்டவணையில நாப்பது எண். எல்லாமே பூஜ்யம் புள்ளி பூஜ்யம்னுதான் ஆரம்பிக்கும். அச்சுப்படி வந்தப்ப நானும் லேப் டெக்னீஷியனும் உக்காந்து சரிபார்த்தோம். நான் மூலத்தைப் படிப்பேன், அவர் அச்சைப் பார்த்து சரிம்பாரு. பத்து எண் முடியறதுக்குள்ள வாய் வலிச்சுது. ‘எல்லாத்துக்கும் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எதுக்கு, கடைசி எண்ணை மட்டும் சொல்றேன்’னேன். ஏழு. சரி. மூணு. சரி. அஞ்சு. சரி. அச்சுல பூஜ்யம் புள்ளி அஞ்சுன்னு கோத்திருக்கான். அவர் கண்ணுக்கு அஞ்சு தெரிஞ்சுது, சரின்னுட்டாரு. ஒரு பூஜ்யத்தை ரெண்டு பேருமாச் சேர்ந்து முழுங்கிட்டோம். அதுவும் எந்த வரிசையில? பண்ணைகள்ல அதிகமா வளர்க்கற மீனோட வரிசையில.”

“அதான் திருத்தம் போட்டாச்சே மாமா.”

“போட்டாங்க. யாரு படிச்சா? இருநூத்திப் பன்னெண்டு பேர்ல திருத்தத்தைக் குறிப்பிட்டவங்க மூணு பேர். கடுதாசிக்குப் பதில் போட்டவங்க நாப்பது பேர். அதுல முக்கால்வாசிப் பேர் என்ன எழுதினாங்க தெரியுமா? ‘கவலை வேண்டாம், உங்கள் கட்டுரையை முன்னுரையில் மட்டும்தான் குறிப்பிட்டோம், அந்த எண் எங்களுக்குத் தேவைப்படவில்லை’ன்னு.”

“படிக்காமலே மேற்கோளா?” என்றாள் அக்கா.

“எல்லாரும் சொல்றாங்க, நாமளும் சொல்லி வைப்போம்னுதான்.”

“நல்லவேளை. படிக்காததால மீன் தப்பிச்சுது.”

அவர்கூடச் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலில் முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “எட்டுப் பேர் அந்த எண்ணை எடுத்து உபயோகிச்சிருக்காங்க. ஒம்பதாவது இது.”

மடித்த தாள் ஒன்றை நீட்டினார். மீன்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு மீன்வளத் துறை போடும் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, இன்னும் அச்சுக்குப் போகாத வரைவு. முதல் இரண்டு பதிப்பில் அம்மோனியா பற்றிப் பேச்சே கிடையாது. இதில் புதிதாக ஒரு அட்டவணை. பாதுகாப்பான அளவு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்.

“பத்து மடங்கு. இதை நம்பித் தொட்டியில தண்ணி மாத்தாம விட்டான்னா விடியறதுக்குள்ள குஞ்செல்லாம் வெள்ளை வெள்ளையா மிதக்கும். ஒரு பண்ணையா ரெண்டு பண்ணையா? கையேடு எல்லாப் பண்ணைக்கும் போகும்.”

“அவங்களுக்கு போன் பண்ணினீங்களா?”

“மூணு தடவை. அந்த அதிகாரி மரியாதையாத்தான் பேசறாரு. ‘இருநூறு பேர் சொன்னது தப்பா இருக்குமா சார்? உங்களுக்கு வயசாச்சு, குழப்பிக்கறீங்க’ங்கறாரு. கமிட்டி ஒத்துக்கிட்ட அட்டவணையாம். கட்டுரையையே ஜர்னல் வாபஸ் வாங்கினாத்தான் எடுக்க முடியுமாம். வர்ற திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் ஆபரேஷனுக்குப் போறதுக்குள்ள இதை வாபஸ் வாங்கிக் குடு. உங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல.”

கட்டுரை வாபஸ் ஆனால் அதன் மேற்கோள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. படிவத்திலேயே அந்த விதி இருந்தது. அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. சராசரி ஒன்று புள்ளி எட்டு ஒன்பது.

“மாமா, ஜர்னல் போயிடும்.”

“தெரியும். நானும் அதுக்கு ஒம்பது வருஷம் எடிட்டரா இருந்தவன்தானே. திருத்தம் போட்டது போதும்னு அப்ப நானும் நம்பினேன்.”

*

மறுநாள் பழைய தொகுதிகள் இருந்த அறைக்குப் போனாள். அவள் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த இதழ். தொண்ணூற்றாறாம் பக்கம் கடைசிப் பக்கம். மேலே சந்தா விவரம், நடுவே அலுவலக முகவரி மாற்றம், அடியில் எறும்பு வரிசை மாதிரி நாலு வரியில் திருத்தம். தலைப்புக்கூட இல்லை.

கணினியில் அதே இதழைத் திறந்தாள். தொண்ணூற்றைந்தாம் பக்கத்தோடு முடிந்தது.

அடுத்த இதழையும் திறந்தாள். அதிலும் கடைசிப் பக்கம் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எல்லா இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியது அவள்தான். அந்த வேலையின் கோப்பு எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். முதல் தாளிலேயே, அவளுடைய நிமிர்ந்த கையெழுத்தில், ஸ்கேன் செய்பவர்களுக்கான குறிப்பு: ‘சந்தா, விளம்பரம், அறிவிப்புப் பக்கங்கள் தேவையில்லை. விட்டுவிடவும்.’

இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று எழுபது மேற்கோள்கள் இதழ் இணையத்துக்கு வந்த பிறகு வந்தவை. அவள்தானே எண்ணினாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து போன் போட்டாள்.

“மாமா, அந்தத் திருத்தம் இணையத்துல இல்ல.”

“தெரியும்.”

“நான்தான் அந்தப் பக்கத்தையெல்லாம் விடச் சொன்னேன்.”

“தெரியும்மா.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“அன்னைக்கே. நீ ஸ்கேன் வேலையை முடிச்சதுக்கு மேடையில பாராட்டினாங்களே, அன்னைக்குக் காலையிலதான் திறந்து பார்த்தேன். சொல்லலாம்னு வந்தேன். உங்க அக்கா முன்வரிசையில உக்காந்து கை வலிக்கத் தட்டிட்டிருந்தா. அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே!”

“அப்ப இருந்த எடிட்டர்கிட்ட கேட்டேன். தனியா ஒரு பக்கத்தை ஏத்த முடியாது, அதுக்குத் தலைப்பு இல்ல, எழுதினவர் பேர் இல்ல, கட்டுரையே இல்லன்னுட்டாரு. உங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நீயும் ராத்தூக்கம் கெட்டு எங்கூட லெட்டர் எழுதிட்டிருப்பே. ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதாதா?”

பன்னிரண்டு வருடம் அவர் கேட்டபோதெல்லாம் அவள் உதட்டைச் சுழித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. நல்லவேளை, போனில் உதடு தெரியாது.

“இன்னொண்ணு,” என்றார் மாமா. “ரெண்டாவது பெட்டியில அடியில ஒரு பச்சைக் கவர் இருக்கும். நேத்து உங்கிட்ட காட்டல. தேவைப்பட்டா எடுத்துட்டுப் போ.”

*

புதன்கிழமை காலை ஆசிரியரின் மேஜையில் மூன்று தாள்களை வைத்தாள். தொண்ணூற்றாறாம் பக்கத்தின் நகல். மாமா கையெழுத்திட்ட வாபஸ் கடிதம். ஒன்று புள்ளி எட்டு ஒன்பது என்று மாற்றி எழுதிய படிவம்.

அவர் படித்து முடிக்க நேரமாயிற்று. வாளியில் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஒரு வாரம் பொறுங்க மேடம். வெள்ளிக்கிழமை படிவம் போகட்டும். அடுத்த வாரம் வாபஸ் வாங்கிடலாம். யாருக்கும் நஷ்டமில்ல.”

“திங்கட்கிழமை கையேடு அச்சுக்குப் போகுது சார்.”

“கையேடு நம்மளுது இல்லையே.”

“எண் நம்மளுது.”

“திருத்தம் போட்டாச்சு! அந்தப் பக்கத்தை இன்னைக்கே இணையத்துல ஏத்திடுவோம். அதுக்கு மேல என்ன செய்யணும்?”

“திருத்தத்தை யார் சார் படிக்கறாங்க? நானே படிக்கல. இருபத்தெட்டு வருஷமா இதே கட்டடத்துல இருக்கேன், அந்தப் பக்கத்தைத் தேவையில்லன்னு எழுதினதே நான்தான்.”

ஆசிரியர் எழுந்து, ஏற்கெனவே சாத்தியிருந்த கதவை இன்னொரு முறை சாத்தினார்.

“பதினாலு கட்டுரை கையில இருக்கு. பதினாலு பேரும் நம்மள நம்பிக் குடுத்திருக்காங்க. சிப்பி ஆராய்ச்சி பண்ற அந்த விரிவுரையாளர் அம்மாவுக்கு இந்த ஒரு கட்டுரை வந்தாத்தான் பதவி உயர்வு. ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்காங்க.”

“அதுல ஒண்ணரை வருஷம் உங்க கமாவுக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க சார்.”

சொன்ன பிறகுதான் அந்தப் பெயரை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு உறைத்தது. அவருக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. எட்டியும் இருக்கலாம்.

“நாப்பத்தொரு வருஷம் மேடம். எத்தனை பேர் கட்டினது. என் காலத்துல மூடினாங்கன்னு இருக்கட்டும்ங்கறீங்களா?”

“எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல சார். முட்டி வலிக்குது, கண்ணு எரியுது. எண்ணித் தரச் சொன்னீங்க, எண்ணித் தந்திருக்கேன். ரெண்டு புள்ளி பூஜ்யம் ஆறுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற ஆளை வெச்சு எண்ணிக்கோங்க.”

“ரெண்டு நாள்ல யாரு எண்ணுவா?”

அவள் பையிலிருந்து பச்சைக் கவரை எடுத்து மேஜையில் வைத்தாள். வைக்க வேண்டாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் மாமா இதே ஆசிரியருக்கு எழுதிய கடிதம் அதில் இருந்தது. கட்டுரையை வாபஸ் வாங்கக் கோரி, காரணத்தோடு, ஒரு பக்கம். கூடவே ஆசிரியரின் பதில்: ‘திருத்தம் ஏற்கெனவே வெளியாகிவிட்டதால், மேல்நடவடிக்கை தேவையில்லை.’ அதோடு மாமாவின் கடிதத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார். அதில் ஐந்து இடத்தில் சிவப்பு மை. மூன்று கமா புதிதாகச் சேர்த்திருந்தது. இரண்டு அடித்திருந்தது.

ஆசிரியர் தன் சிவப்பு மையைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு கமாவாகத் தொட்டார். மூன்றாவது கமா சரியாக 0.05க்குப் பக்கத்தில் இருந்தது.

“இதை நான் படிச்சிருக்கேன்,” என்றார்.

“ஆமா சார்.”

“வரிக்கு வரி படிச்சிருக்கேன்.”

“ஆமா.”

“அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“உங்க அக்கறையைப் பாராட்டினாரு, நேத்து நான் கவரை எடுக்கப் போனப்ப.”

அவர் கவரை ஓரமாக நகர்த்தினார். பிறகு வாபஸ் கடிதத்தை இழுத்து, பேனாவைத் திறந்து, ஒன்றையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். படிவத்தை மட்டும் இன்னொரு முறை கடைசிவரை படித்தார். அதிலும் போட்டுவிட்டார்.

“கையேட்டுக்காரங்க நம்பரைக் குடுங்க. நானே பேசறேன்.”

அந்த உரையாடலில் அவள் காதில் விழுந்தது பாதிதான். “ஆமாம், ஆசிரியர்தான் பேசறேன்... இல்லைங்க, வயசெல்லாம் இல்ல, அவர் தெளிவாத்தான் இருக்காரு. நாங்கதான்... ஆமா, இருநூறு பேர். இருநூறு பேரும் தப்பு. எழுத்துல அரை மணி நேரத்துல வரும்... இல்லைங்க. நீங்க அந்த அட்டவணையை எடுத்துட்டேன்னு சொல்றவரைக்கும் நான் போனை வைக்கப்போறதில்ல.”

முக்கால் மணி நேரம் வைக்கவில்லை. ஒரு முறை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தார்.

*

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வெளியானது. அதில் இதழ் இல்லை.

முதலில் வந்தவர் சிப்பி ஆராய்ச்சி விரிவுரையாளர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“உங்க சொந்தக்காரர் மனசாட்சிக்கு என் ரெண்டு வருஷம்தான் கிடைச்சுதா மேடம்?”

“நீங்க கேக்கறது நியாயம்தான்.”

“நியாயம்னு சொல்லிட்டாப் போதுமா? நீங்க ரிட்டயர் ஆகிப் போயிடுவீங்க. நான் இன்னும் இருபது வருஷம் இங்கயே இருக்கணும்.”

“வேற மூணு ஜர்னல் பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணுல நாலு மாசத்துல முடிவு சொல்லிடறாங்க. கமா பிரச்சினை கிடையாது.”

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் தாளை வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று, “அந்தக் கையேடு வந்துடுச்சா?” என்று கேட்டார்.

“நேத்து வந்துது. அந்த அட்டவணை இல்ல.”

“என் தம்பி மீன்குஞ்சுப் பண்ணை வெச்சிருக்கான்,” என்றார் விரிவுரையாளர், யார் மேலோ இருக்கும் கோபத்தோடு. போய்விட்டார்.

பிற்பகலில் அக்கா போன் செய்தாள். ஆபரேஷன் முடிந்து மாமா வீட்டுக்கு வந்து நான்கு நாளாகியிருந்தது.

“அழறாருடி.”

“யாரு, மாமாவா? வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல. காலையில யாரோ போன் பண்ணிப் பட்டியல் விஷயத்தைச் சொல்லிட்டாங்க. ஜர்னல் போச்சேன்னு அழறாரு.”

“அவர்தானே அக்கா கேட்டாரு? போயிடும்னு அன்னைக்கே சொன்னேனே.”

“கேட்டா என்ன? கேட்டது கிடைச்சா அழக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

நூலகர் காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டாள். எதிர்மேஜையில் ஆசிரியர் திருப்பி அனுப்பவேண்டிய கட்டுரைகளைத் தனித்தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அழட்டும்,” என்றாள். “தையல் மேல கை வைக்காமப் பார்த்துக்கோ. சாயந்திரம் வர்றேன். இன்னும் பதிமூணு பேருக்கு நான் கடுதாசி எழுதணும்.”